மேடைக்கு வராத குருவானவர்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பங்கின் மன்றாட்டுகளில் ஒரு முரண்பாடு தலைகாட்டும். ஆர்.எஸ்.மங்கலம் எனச் சுருங்கிவிட்ட இராஜசிங்கமங்கலத்தில், காலைத் திருப்பலியின்போது உழவர்கள் மழைக்காக மன்றாடுவார்கள். இவ்வூர்ப் பெரிய கண்மாயை, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெருமையாகச் சொல்வது வழக்கம். ஒரு கரையிலிருந்து கிளம்பும் நாரை மறுகரை சேருமுன் களைத்துவிடுமாம். அத்தகைய கண்மாயும் வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் வெடித்த களிமண்ணாகவே கிடக்கும். அதே நாள் மாலையில், கிழக்கே பாக் நீரிணையின் ஓரத்திலுள்ள கிளைப்பங்கிற்குச் சென்றால், அங்குள்ள மீனவர்கள் காற்று தணிய வேண்டுமென்று மன்றாடுவார்கள். அவர் வேண்டுவதும் இவர் அஞ்சுவதும் வங்கக் கடலில் உருவாகும் ஒரே தாழ்வு மண்டலத்தைத்தான். இரண்டு மன்றாட்டுகளையும் ஒரே குரலில், ஒரே நாளில் முன்மொழிந்து முடிப்பவன் நான். பல ஆண்டுகள் இதில் எனக்கு எந்த இடறலும் தோன்றியதில்லை. தோன்றாமல் போனதே என் குறை என்பதை ஓர் ஆங்கில நாடகமும் ஓர் ஆங்கிலக் கவிதையும் எனக்கு உணர்த்தின. அதனை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு பிற்பகல். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி பங்கு இல்லத்திற்கு வந்தாள். கையில் பாடநூலும், பலர் கைபட்டு மடங்கிய கைடு ஒன்றும் இருந்தன. குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் ஆங்கில இலக்கியத்தின்மீது எனக்கு ஏற்பட்ட பற்று இப்பகுதி மாணவர்களுக்குத் தெரியும். தேர்வுக் காலத்தில் சிலர் வருவதுண்டு. அவள் காட்டிய வினா இதுதான்: 'ரைடர்ஸ் டு த ஸீ' நாடகத்தின் கருப்பொருளையும் இலக்கிய உத்திகளையும் ஆராய்க. பத்து மதிப்பெண்.

எனக்கு மிகவும் பிடித்த நாடகம். உற்சாகமாகத் தொடங்கினேன்.

ஜான் மில்லிங்டன் சிங் 1871-இல் டப்ளின் நகருக்கு அருகே ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஆரன் தீவுகளுக்குச் செல்லுமாறு கவிஞர் யேட்ஸ் அவரைத் தூண்டினார். 1898 முதல் 1902 வரை ஐந்து முறை அங்கு சென்று, கத்தோலிக்க மீனவக் குடும்பங்களோடு தங்கி, அவர்கள் பேச்சையும் துயரையும் செவியில் ஏற்றுக்கொண்டார். அந்த அறுவடையே 1904 பிப்ரவரி 25 அன்று டப்ளினில் முதன்முதலாக மேடையேறிய இந்த ஓரங்க நாடகம். ஐந்தாண்டுகளில், தம் 37-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

கதை எளியது. மௌரியா என்னும் முதிய தாய். கணவனையும் மாமனாரையும் மைந்தர் நால்வரையும் கடலுக்குக் கொடுத்தவள். ஐந்தாம் மகன் மைக்கேலைக் காணவில்லை. எஞ்சியவன் பார்ட்லி ஒருவனே. அவனும் குதிரை விற்கச் சந்தைக்குப் போவதற்காகக் கடலைக் கடக்கப் புறப்படுகிறான். தாய் தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை. அவன் விடைபெறும்போது அவள் ஆசி கூறவில்லை. அவனுக்காகச் சுட்ட ரொட்டியையும் கொடுத்தனுப்ப மறந்துவிடுகிறார்கள். நாடகம் முடியும் வேளையில் அவனுடைய உடல் நீர் சொட்டச் சொட்ட வீட்டிற்குள் கொண்டுவரப்படுகிறது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

உத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். கடல் ஒருமுறைகூட மேடையில் காட்டப்படுவதில்லை. தொடக்கத்தில் காற்று கதவைத் தள்ளித் திறக்கிறது. அதுவே கடலின் வருகை. சுவரோரம் சாய்ந்து நிற்கும் புதிய வெண்பலகைகள் மைக்கேலின் சவப்பெட்டிக்காக வாங்கப்பட்டவை; இறுதியில் பார்ட்லிக்குப் பயன்படுகின்றன. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க வைத்திருந்த கயிற்றையே பார்ட்லி குதிரைக்குக் கடிவாளமாக எடுத்துச் செல்கிறான். பலகை வாங்கிய தாய் ஆணி வாங்க மறந்துவிட்டாள். எத்தனையோ பெட்டிகள் செய்யக் கண்டவள், ஆணியை எப்படி மறந்தாள் என்று அண்டை வீட்டார் வியக்கிறார்கள். துயரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாலும் அந்த ஓர் ஆணிக்கு ஈடாகாது.

குதிரைகளையும் விளக்கினேன். பார்ட்லி சிவப்புக் குதிரையில் போகிறான். பின்னால் வரும் சாம்பல் நிறக் குதிரையில், இறந்துபோன மைக்கேல் அமர்ந்திருப்பதாகத் தாய் காண்கிறாள். திருவெளிப்பாடு ஆறாம் அதிகாரத்தின் சிவப்புக் குதிரையும், சாவைச் சுமந்துவரும் வெளிறிய குதிரையும் நினைவுக்கு வருகின்றன. நாடகத்தின் தலைப்போ, விடுதலைப் பயண நூலில் குதிரையும் குதிரை வீரனும் கடலில் அமிழ்ந்ததைப் பாடும் மோசேயின் வெற்றிப் பாடலை எதிரொலிக்கிறது. ஆனால் இங்கே அமிழ்பவன் பார்வோனின் வீரன் அல்லன். ஓர் ஏழைத் தாயின் மகன். மகிழ்ச்சிப் பாடலின் சொல்லாட்சி அழுகையின் வீட்டிற்குள் வந்து நிற்கிறது.

மாணவி எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"ஃபாதர், அந்த இளம் குருவானவர் ஏன் ஒரு தடவைகூட மேடைக்கு வரவே இல்லை?"

நல்ல கேள்வி. நாடகத்தில் ஓர் இளம் குரு உண்டு. ஆனால் அவரைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறதே தவிர அவர் தோன்றுவதில்லை. நீரில் மிதந்து வந்த ஒருவனின் உடைகளைக் கொடுத்தனுப்பியவர் அவரே. பார்ட்லியைத் தடுக்கப் போவதில்லை என்றும், இரவில் பாதிநேரம் செபிக்கும் அந்தத் தாயை ஒரு மகனுமின்றி இறைவன் கைவிடமாட்டார் என்றும் அவர் சொன்னதாக இளைய மகள் தெரிவிக்கிறாள். கடலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்ற பொருள்பட மௌரியா அவர் வார்த்தையை ஒதுக்கிவிடுகிறாள். அவள் சொன்னதே பலிக்கிறது.

"பாத்திரங்களைக் குறைத்து இறுக்கத்தைக் கூட்டுவது ஓரங்க நாடகத்தின் மரபு" என்று விடையளித்தேன். கைடில் போடத்தக்க விடை. அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்து, உடைகளை அடையாளம் காணும் காட்சிக்கு வந்தோம். குருவானவர் அனுப்பிய மூட்டையில் ஒரு சட்டைத் துண்டும் ஒரு காலுறையும் இருக்கின்றன. காலுறையைப் பின்னியவள் இளைய தங்கை நோராவே. அறுபது கண்ணிகள் போட்டு நான்கை விட்டுவிட்டதாக அவளுக்கு நினைவு. எண்ணிப் பார்க்கிறாள், கணக்குச் சரியாக இருக்கிறது. அண்ணன் இறந்துவிட்டான் என்பது அந்த எண்ணிக்கையில் உறுதியாகிறது. "இதனை இலக்கியத்தில் அடையாளம் காணல் என்பார்கள். கிரேக்க நாடகம் முதலே வரும் உத்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேனா நகரும் ஓசை நின்றிருந்தது.

"எங்க அண்ணன் சட்டையிலயும் அம்மா வேற கலர் பொத்தான் தைச்சிருந்துச்சு ஃபாதர். அத வச்சுத்தான்…"

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் அவளை உற்றுப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் இப்பங்கிற்கு வந்த புதிதில், அக்கடற்கரைச் சிற்றூரில் ஓர் இளைஞனின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றினேன். வாடைக் காற்றில் நாட்டுப்படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் உடல் கரை சேர்ந்தது. அவனுடைய தங்கை அன்று பள்ளிச் சிறுமி. அவள்தான் இரண்டு மணி நேரமாக என் எதிரே அமர்ந்திருந்தாள். அவளிடம்தான் நான் சவப்பெட்டி ஆணியின் கலைநயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்று நான் ஆற்றிய மறையுரையும் நினைவுக்கு வந்தது. தாம் மிகவும் அன்பு செய்வோரை இறைவன் விரைவில் அழைத்துக்கொள்கிறார் என்றேன். தோட்டக்காரன் நல்ல மலரையே பறிப்பான் என்றேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததையும், பயணிகளோடு இரயில் வண்டி கடலுக்குள் போனதையும், அங்கே இன்றும் இடிந்து நிற்கும் ஆலயச் சுவரையும் எடுத்துக்காட்டி, எல்லாம் இழந்த பிறகும் நம்பிக்கை நிற்கும் என்று முடித்தேன். பலரும் பாராட்டினார்கள். மறையுரைக்கு முன்பு அந்தத் தாய் என்னிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: "அவன் கூப்பிட்டிருப்பான்ல சாமி?" யாரைக் கூப்பிட்டிருப்பான் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறையுரைக்கு நேரமாகிவிட்டது.

சிங் அந்தக் குருவை ஏன் மேடைக்கு வரவிடவில்லை என்பது எனக்கு அன்று விளங்கியது. அவர் கெட்டவர் அல்லர். தேடி உடைகளை அனுப்பும் அளவுக்கு அக்கறை உள்ளவர். ஆயினும் அவர் சொன்ன ஆறுதல், வீட்டிற்குள் வராமலேயே சொல்லப்பட்ட ஆறுதல். அவர் மேடைக்கு வராதது உத்தி மட்டுமன்று. அவரைப் பற்றிய உண்மையும் அதுவே. அந்த வெற்றிடத்தில் நிகழ்வதைக் கவனியுங்கள்: எஞ்சியிருக்கும் தீர்த்தத்தை எடுத்து மகனின் உடல்மீது தெளிப்பவள் தாயே. இறந்தோர் அனைவருக்காகவும், உயிரோடிருப்போர் அனைவருக்காகவும் இரக்கம் வேண்டுபவளும் அவளே. குருவானவர் செய்யாமல் விட்டதை அவள் செய்து முடிக்கிறாள். அவளுடைய அமைதி கிறிஸ்தவ நம்பிக்கையா, வெறும் விதி ஏற்பா என்று திறனாய்வாளர்கள் வாதிடுவதுண்டு. தீர்த்தக் கிண்ணத்தைக் கடைசித் துளிவரை கவிழ்த்தவளிடம் அந்த வினாவைத் தொடுக்க எனக்குத் துணிவில்லை.

மாணவி சென்ற பின், குருமட நாட்களில் படித்த வேறொரு நூலைத் தேடி எடுத்தேன். குருவாகவே வாழ்ந்த ஒருவர் கடற்சாவைப் பற்றி எப்படிப் பேசினார் என்று பார்க்க விரும்பினேன்.

ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1844-இல் பிறந்தவர். 1866-இல் நியூமனால் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1868-இல், ஓரியூர் மணலில் இரத்தம் சிந்திய நம் அருளானந்தரின் இயேசு சபையிலேயே சேர்ந்தார். சேருமுன் தம் கவிதைகளை எரித்துவிட்டார். ஏழாண்டுகள் ஏறத்தாழ மௌனம். 1875 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்ட 'டாய்ச்லாந்து' என்னும் கப்பல், தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் மணல்திட்டில் மோதியது. ஒரு நாளுக்கும் மேலாக உதவி வரவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஐவர் பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள். பிரஷ்ய அரசின் ஃபால்க் சட்டங்களால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள். அவர்களுள் உயரமான ஒருவர், கிறிஸ்து விரைந்து வருமாறு உரத்த குரலில் கூவியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. வேல்ஸ் நாட்டில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஹாப்கின்ஸ், இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்று என அதிபர் தந்தை கூறியதைக் கேட்டு மீண்டும் பேனாவை எடுத்தார்.

முப்பத்தைந்து பாடல்கள், ஒவ்வொன்றும் எட்டு அடிகள். அதன் யாப்பு அந்நாளைய ஆங்கிலத்திற்குப் புதிது. அசைகளை எண்ணாமல் அழுத்தங்களை மட்டும் எண்ணும் முறை அது. முதற்பகுதியின் ஒவ்வொரு பாடலிலும் அடிகள் தோறும் 2, 3, 4, 3, 5, 5, 4, 6 என அழுத்தங்கள் விழுகின்றன. அலை எழுந்து, தயங்கி, இறுதியில் ஓங்கி அறைவது போன்ற நடை. வேல்ஸ் மொழிக் கவிதையின் 'கங்ஹானெத்' என்னும் மெய்யொலி இயைபையும் அவர் கற்றுக் கையாண்டார். மோனையும் எதுகையும் தாய்ப்பாலோடு பருகிய தமிழ்ச் செவிக்கு அது அயலானதன்று. சொற்களை இடையுருபின்றி நெருக்கிப் பிணைக்கும் அவர் வழக்கம் நம் தொகைச்சொற்களை நினைவூட்டும்.

இவற்றையெல்லாம் குருமடத்தில் பாராட்டிப் படித்திருந்தேன். இம்முறை என்னை நிறுத்தியவை வேறு இரண்டு இடங்கள்.

முதலாவது, இருபத்து நான்காம் பாடல். அவர்கள் புயலின் வாயில் அகப்பட்டிருந்த நேரத்தில், தாம் மேற்கே ஒரு மலைச்சாரலில், ஒரு கூரையின்கீழ் இளைப்பாறிக்கொண்டிருந்ததாகக் கவிஞர் ஒப்புக்கொள்கிறார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார். அந்த இளைஞனின் படகு கவிழ்ந்த இரவில் நான் எங்கே இருந்தேன்? பங்கு இல்லத்தில், மழை தொடங்கிவிட்ட ஓசையைக் கேட்டு, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் என்று மகிழ்ந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கினேன். என் மறையுரையில் அந்தக் கூரை இடம்பெறவில்லை.

இரண்டாவது, இருபத்தெட்டாம் பாடல். அந்தச் சகோதரியின் கூவலுக்கு என்ன பொருள் என்று கவிஞர் முந்தைய பாடல்களில் வினவுகிறார். மறைசாட்சியின் முடியை வேண்டினாரா? துன்பம் விரைவில் முடிய வேண்டினாரா? ஒவ்வொரு விளக்கமாக எடுத்துப் பார்த்து விலக்குகிறார். பிறகு, அவர் கண்டது என்ன என்று தாமே சொல்ல முற்படும் இடத்தில் வாக்கியம் முறிந்துவிடுகிறது. எழுவாய்க்குப் பயனிலை கிடைக்கவில்லை. தொடங்கிய சொற்றொடர் புள்ளிகளில் கரைகிறது. இன்னொன்று தொடங்கி அதுவும் நிற்கிறது. மொழியில் அத்தனை வல்லவர், அந்த இடத்தில் திக்குகிறார். அந்தத் திக்கலுக்குப் பிறகுதான் ஆண்டவரின் பெயர் வருகிறது.

இதனை உத்தி என்று சொல்வதா? உத்திதான். எண்ணிச் செய்யப்பட்ட யாப்புக்குள் எண்ணியே வைக்கப்பட்ட முறிவு. ஆனால் அந்த முறிவின்றி அந்த உண்மையைச் சொல்ல வழியில்லை. அங்கே வாக்கியம் வழுவின்றி ஓடியிருந்தால் கவிதை பொய்த்திருக்கும். அணி என்பது கருத்துக்குப் போர்த்தும் பொன்னாடை என்று நான் எண்ணியிருந்தேன். மாணவர்களுக்கும் அப்படியே கற்பித்திருந்தேன். கருப்பொருள் ஒரு பத்தி, உத்திகள் ஒரு பத்தி. சொல்லும் முறையிலேயே நேர்மையும் நேர்மையின்மையும் அடங்கியிருக்கின்றன என்பதை அன்று கற்றேன். கடலோரத்தில் நான் ஆற்றிய மறையுரை எங்கும் திக்கவில்லை. அதன் குற்றம் அதுதான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து பேசாதிருந்தவரை நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கத் தொடங்கிய பிறகே தொல்லையானார்கள்.

அக்கவிதையை இயேசு சபையினரின் இதழ் அன்று வெளியிடவில்லை. ஹாப்கின்ஸ் 1889-இல் 44-ஆம் வயதில் டப்ளினில் மறைந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதனை நூலில் சேர்த்து வெளியிட்டது 1918-இல். ஒரு குருவின் திக்கல் பிறர் காதுக்கு எட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மறுவாரம் அந்தத் தாயைக் காணச் சென்றேன். பனையோலைப் பாயில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். மகள் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சொல்வதற்கு எதையும் ஆயத்தம் செய்துகொண்டு போகவில்லை. போனதும் எதுவும் தோன்றவும் இல்லை. நெடுநேரம் அமர்ந்திருந்தேன். பிறகு, "அன்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள் அம்மா. நான் பதில் சொல்லவில்லை. இன்றும் என்னிடம் பதில் இல்லை" என்றேன்.

"அன்னைக்கு நல்லாத்தான் பேசுனீக சாமி. எனக்குத்தான் ஒண்ணும் காதுல ஏறல" என்றார் அவர்.

சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். கடலுக்குப் போன அன்று மாலையில் மகனோடு ஏதோ சிறு பூசல். கோபத்தில் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் வாசலில் நின்று, போயிட்டு வாறேன் என்று இருமுறை சொன்னான். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று ஆண்டுகளாக இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இறைவன் நல்ல மலரைப் பறித்துக்கொண்டார் என்று எல்லாருக்கும் முன்னால் நான் முடித்து வைத்துவிட்ட பிறகு, இதைச் சொல்வதற்கு அவருக்கு இடமிருக்கவில்லை. அவருடைய இசைவோடுதான் இதனை இங்கே எழுதுகிறேன்.

மௌரியா ஆசி கூறாமல் மகனை அனுப்பும் காட்சியை, நாடக முரண் என்ற தலைப்பில் எத்தனை மாணவர்களுக்கு விளக்கியிருப்பேன்! இலக்கியம் என் கையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எந்த வீட்டிற்குள் போக வேண்டும் என்பதுதான் தெரியாமலிருந்தது.

அன்புள்ள வாசகர்களே, உங்கள் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் கருப்பொருளும் உத்திகளும் எழுதிப் பழகுகிறார்கள். நன்றாக எழுதட்டும், மதிப்பெண் பெறட்டும். இவ்விடத்தில் ஆசிரியர் ஏன் பேச்சை நிறுத்தினார் என்றும் ஒருமுறை அவர்களைக் கேட்டுப் பாருங்கள். இறந்த வீட்டிற்கு ஆறுதல் சொல்லச் செல்லும் நமக்கெல்லாம் அது உதவும்.

இவ்வாண்டும் கார்த்திகையில் காலையில் மழைக்காகவும் மாலையில் காற்று தணியவும் மன்றாடினோம். கடற்கரைக் கோவிலில் அந்த மன்றாட்டை வாசிக்கும்போது, நடுவில் என் குரல் சற்றே நின்றது. முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசித்து முடித்தேன்.